பேரம் பேசாமல் வாங்கிய மல்லிச் செடி

சென்ற ஞாயிறு, செம்பரம்பாக்கத்துக்குச் சற்று முன்னால் நெடுஞ்சாலையோரம் இருக்கும் செடிக் கடைக்குத் தனியாகப் போய்வந்தேன். இருபது ஆண்டுகளாக என் மனைவி கோமதியோடு போகும் இடம் அது. எட்டு மாதங்களுக்கு முன் வந்த பக்கவாதம் அவள் பேச்சையும் நடையையும் வலக்கையையும் எடுத்துக்கொண்டது. மாடியில் அவள் வளர்த்த குண்டுமல்லி இந்தக் கோடையில் பட்டுப்போனது. இன்னொன்று வாங்கி வந்தால் திரும்பியாவது பார்ப்பாளோ என்று தோன்றியது. அரை நாள் பார்த்துக்கொள்வதாக மருமகள் சொன்னதால் கிளம்பினேன்.

காலை 6.40க்குக் கோவில்பதாகையில் ஷேர் ஆட்டோ. ஆவடிக்குப் பதினைந்து ரூபாய். அங்கிருந்து பூந்தமல்லிக்குப் பேருந்து, ஏறக்குறைய பதினோரு கிலோமீட்டர், இன்னொரு பதினைந்து. சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. "நீங்கதான் செலவு" என்று கோமதி ஒவ்வொரு முறையும் சொல்வாள். எப்போதும் அவள் உட்காரும் ஜன்னலோர இருக்கை இம்முறை கிடைத்தும் நான் அதில் உட்காரவில்லை. பூந்தமல்லியில் பேருந்து மாறிப் பத்து ரூபாய். 8.10க்குக் கடையில் இருந்தேன்.

கோமதி பேரம் பேசத் தொடங்கினால் நான் பத்தடி தள்ளிப் போய் லாரிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பெரிய கடைகளில் அச்சிட்ட விலையை வாய் திறக்காமல் கொடுக்கிறோம். வெயிலில் நிற்கும் ஒருத்தியிடம் மட்டும் இருபது ரூபாய்க்கு மல்லுக்கட்டுவது என்ன நியாயம்? இதை அவளிடம் ஒருநாளும் கேட்கத் துணிந்ததில்லை. மிச்சமான காசில் அவள் வாங்கித் தந்த டீயை மட்டும் குடித்திருக்கிறேன்.

குண்டுமல்லிச் செடி ஒன்றுக்குக் கடைக்காரர் செல்வி "நூத்தம்பது" என்றார். அப்படியே எடுத்துக் கொடுத்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது, அவருக்கு இல்லை.

"இன்னா சார், கேட்டத குட்த்துட்ட? அக்கா எங்க?"

சொன்னேன். அவர் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டார்.

"அந்த வாயா பேசாம கெடக்கு? என்ன அழ வெச்சிட்டு தான செடிய தூக்கும்." நாற்பது ரூபாயை எண்ணி நீட்டினார். "நான் வெல சொல்றதே பேரத்துக்கும் சேத்து தான். நீ அப்டியே குட்த்தா, நான் உன்ன ஏமாத்துன மாதிரி பூடும்."

"இருக்கட்டும்மா."

"புடி சார். நூத்திப்பத்து. அக்காவாண்ட கரீட்டா சொல்லு."

பத்தரைக்கு வீடு. செடியைக் கட்டிலருகே வைத்தேன். கோமதி இலைகளைத் தடவிவிட்டு, என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

"நூத்திப்பத்து" என்றேன்.

இடக்கை மெல்ல எழுந்தது. ஐந்து விரல். மடக்கிவிட்டு மூன்று விரல். ஐந்தும் மூன்றும் எட்டு; எண்பதுக்கு வாங்கியிருக்க வேண்டுமாம். எட்டு மாதமாகத் தலையசைத்து வேண்டும், வேண்டாம் என்பதற்கு மேல் அவள் எதுவுமே தெரிவித்ததில்லை.

அந்த முப்பது ரூபாய் செல்வியின் லாபமா, வயிற்றுப்பாடா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இத்தனை காலம் நான் தள்ளி நின்றது நியாயத்துக்காகவா, வெட்கத்துக்காகவா என்பதும் தெரியவில்லை. மறுபடி அவள் குரல் கேட்குமென்றால் பக்கத்திலேயே நிற்பேன்.

போகிறவர்களுக்கு: ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், அதன்பின் வெயில் தாங்காது. வேர்மண் உதிராமலிருக்கக் கோணிப்பை கொண்டுபோங்கள். போகவர எண்பது ரூபாய்தான். நடக்க முடியாதவரை அழைத்துப் போவதென்றால் ஆட்டோ வேண்டும். எங்கள் தெருமுனை ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

"போக வர எண்ணூறு சார், வெய்ட்டிங் சேத்து. உனக்கோசரம் தான் இந்த ரேட்டு."

நான் சரி என்று சொல்லவில்லை. சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். விலையைக் கோமதியிடம் பேசிக்கொள்ளட்டும்.