கிளார்க்கும் ஈரத் தரையும்

என் மாமா ஒருநாள் சாயங்காலம் ஒரு கையால் பேண்ட்டையும் மறு கையால் ஒரு நாயையும் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பேண்ட்டில் இருக்க வேண்டிய பெல்ட் நாயின் கழுத்தில் இருந்தது. சைக்கிளைப் பனகல் பார்க் பக்கம் யாரிடமோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருந்தார். மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. ஒரு காரியத்தைப் பாதியில் விட்டுவிட்டு இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு வருவது அவருக்குப் புதிதில்லை.

நடந்தது இவ்வளவுதான். பார்க்குக்குப் பக்கத்துத் தெருவில், குழாயடியில், நாய் பிடிக்கும் வண்டி நின்றிருக்கிறது. கம்பிச் சுருக்கோடு ஆட்கள் வளைத்ததும் இந்த நாய் ஓடிவந்து மாமாவின் சைக்கிளுக்கு அடியில் புகுந்துகொண்டது. மாமா ஒன்றும் யோசிக்காமல், இது என் நாய் என்று சொல்லிவிட்டார்.

"உன் நாயின்னா கழுத்துல பட்டை எங்க கீது நைனா?" என்று கேட்டாராம் சுருக்கு வைத்திருந்தவர்.

மாமா நின்ற இடத்திலேயே பெல்ட்டை உருவி நாயின் கழுத்தில் மாட்டினார். அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். போய்த் தொலை என்று விட்டுவிட்டார்கள்.

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பா தி.நகருக்கு வந்து சின்னதாக ஒரு ஜவுளிக்கடை போட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு. ஊர் மாறினாலும் அம்மா தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. சுத்தத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுத் தரையில் சோற்றைப் போட்டுச் சாப்பிடலாம் என்று அப்பாவே கேலி செய்வார்.

"ஏல, கோட்டி பிடிச்சிட்டா ஒனக்கு? இத எங்க கொண்டு வைக்கப் போற?"

"என் ரூம்ல நாய் கூடாதுங்கான்க்கா வீட்டுக்காரன். நாலு நாள் இங்க கெடக்கட்டும். நல்ல எடமாப் பாத்துக் குடுத்துருதேன்."

"அதுவரைக்கும் அள்ளுதது யாரு? நீயா?"

மாமா சைக்கிளை எடுக்கப் போய்விட்டார். பெல்ட்டை அவர் திரும்பக் கேட்கவேயில்லை.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. நாய் தவிட்டு நிறம், ஒரு காது பாதி கிழிந்திருக்கும். எதற்கெடுத்தாலும் நடுங்கும். தாழ்ப்பாள் சத்தத்துக்கு நடுங்கும், அப்பா குடையை விரித்தால் நடுங்கும், குக்கர் விசில் அடித்தால் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்விடும். மாமாவின் ஆபீஸில் ஒரு ஹெட் கிளார்க் இருந்தாராம். மணி அடித்தாலே நாற்காலியிலிருந்து துள்ளுவாராம். அதனால் நாய்க்குக் கிளார்க் என்று பேர் வந்தது. இன்னொரு வீட்டுக்குப் போகிற நாய்க்குப் பேர் எதற்கு என்று அம்மா ஆட்சேபித்தாள். நானும் மாமாவும் கேட்கவில்லை.

நடுக்கம்கூடப் பரவாயில்லை. கிளார்க்குக்கு வீட்டுக்கும் வெளிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. காலையில் அம்மா வாசல் தெளித்துவிட்டுக் கோலப்பொடி எடுக்க உள்ளே வருவாள். அந்த இடைவெளியில் அது போய்த் தெளித்த இடத்தின் நட்டநடுவில் காரியத்தை முடித்துவிடும். அம்மா கத்துவாள். அது பயந்து உள்ளே ஓடிவந்து கூடத்தில் மிச்சத்தையும் விடும். அம்மா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, பினாயில் போட்டுத் தேய்த்துக் கழுவுவாள். கழுவின இடத்தில் சற்று நேரத்தில் மறுபடியும் வந்து நிற்கும். வேண்டுமென்றே பழிவாங்குகிறது என்று அம்மா நம்பினாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மாமா ஞாயிற்றுக்கிழமை வந்து, வெள்ளைக்காரர்கள் நாயைப் பேப்பரில்தான் பழக்குவார்கள் என்று ஆங்கிலப் பேப்பரைக் கூடம் முழுக்கப் பரப்பினார். கிளார்க் அதன்மேல் சுருண்டு படுத்து நன்றாகத் தூங்கியது. எழுந்து, பேப்பர் இல்லாத இடமாகப் பார்த்துப் போய், கழுவி ஈரம் காயாத முற்றத்து ஓரத்தில் ஒன்றுக்குப் போனது. அப்பா, அதன் மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்க்க வேண்டும் என்று யோசனை சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார். அப்பாவின் யோசனைகள் எல்லாம் கடைக்குக் கிளம்பும்போது வருபவை.

அன்றைக்கு அம்மா தீர்ப்புச் சொன்னாள்.

"ஏல, நல்லாக் கேட்டுக்க. வீட்டுக்குள்ள அசிங்கம் பண்ணாதுன்னு சொன்னாத்தான் ஒருத்தர் இத எடுப்பாவ. பழகலையா, வந்த வழியே போவட்டும். எனக்கு இதே சோலியா?"

வந்த வழி என்றால் குழாயடி. குழாயடி என்றால் வண்டி. எப்படியாவது இதைப் பழக்கிவிட வேண்டும் என்று அன்று முதல் கிளார்க்கின் பின்னாலேயே அலைந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவருவேன். கொல்லைக்கு இழுத்துப் போய் முருங்கை மரத்தடியில் நிறுத்தி, "போ, போ" என்று கெஞ்சுவேன். அது என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். உள்ளே வந்ததும் போகும்.

ஒருநாள் எங்கள் தெருக் குழாயிலிருந்து குடத்தைத் தூக்கிவந்த அம்மா நடையில் தடுக்கி, அரைக் குடம் தண்ணீர் தரையில் கொட்டியது. மூட்டைக்குப் பின்னாலிருந்த கிளார்க் எழுந்து, நேராக வந்து, அந்த ஈரத்தில் நின்று ஒன்றுக்குப் போனது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அது குழாயடியில் பிறந்து வளர்ந்த நாய். அங்கே தரை காய்ந்தே இருக்காது. ஈரமான இடம்தான் அதற்குக் கக்கூஸ். நாங்கள் தினமும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வீடு முழுக்க அதற்குக் கக்கூஸ் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துப்போய் முருங்கை மரத்தடியில் ஊற்றினேன். கிளார்க் மோந்து பார்த்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மாவிடம் சொன்னபோது, "போளா, கோட்டி" என்றாள். ஆனால் மறுநாள் விடியலில் நான் எழுந்து போகும்போது முருங்கை மரத்தடி நனைந்திருந்தது, வாளி அம்மா கையில் இருந்தது. அதன் பிறகு அவள் தன் பழக்கத்தையே மாற்றிக்கொண்டாள். வீட்டுக்குள் தினமும் பெருக்குவதோடு சரி. வெள்ளிக்கிழமை மட்டும் கழுவுவாள். அன்றைக்கு முதலில் நாயைக் கொல்லையில் கட்டிவிடுவாள். நானோ மாமாவோ அவிழ்க்கப் போனால், "தர காயாம அவுக்காதீக" என்று சமையல்கட்டிலிருந்தே குரல் வரும். உள்ளங்காலைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவிழ்க்க உத்தரவு கொடுப்பாள்.

கிளார்க் பழகிவிட்டது. நாலு நாள் என்றது மாதக்கணக்கில் ஓடியது, வீட்டுக்குள் ஒரு சொட்டு விழவில்லை. நடுக்கமும் கொஞ்சம் குறைந்தது. ஒருநாள் தெருவில் மேளச் சத்தத்தோடு ஏதோ ஊர்வலம் போனபோது மட்டும் நேரே போய், ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டிருந்த அம்மாவின் முழங்காலுக்குக் கீழே தலையைச் சொருகிக்கொண்டது. "சனியன், எடம் பாத்து வந்துட்டு" என்று அம்மா திட்டினாள். ஊர்வலம் போகும்வரை காலை அசைக்காமல் மாவாட்டினாள்.

மாமாவும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவருடைய ஆபீஸர் அடையாறில் காந்தி நகரில் சொந்த வீடு கட்டிக் குடிபோயிருந்தார். பெரிய காம்பவுண்டு, நாய் வேண்டும், ஆனால் புது மொசைக் தரையில் அசிங்கம் செய்யக் கூடாது. மாமா கிளார்க்கைப் பற்றி ஆபீஸில் பெருமையடித்திருக்கிறார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸரும் மனைவியும் காரிலேயே வந்து பார்த்து, பிடித்திருந்தால் அப்படியே கூட்டிப்போவதாக ஏற்பாடு.

எனக்குக் கிளார்க்கை அனுப்ப மனசே இல்லை. ஆனால் அனுப்பாவிட்டால் குழாயடி என்று அம்மா சொன்னது காதிலேயே இருந்தது. அதனால் காலையிலிருந்து அதற்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன். குளிப்பாட்டித் துவட்டி, பெல்ட்டைத் துடைத்து மாட்டி, வயிறு காலியாக இருக்கட்டும் என்று சோறு வைக்காமல் கொல்லையில் கட்டினேன்.

அவர்கள் வருவதற்குச் சற்று முன்னால் சமையல்கட்டிலிருந்து வந்து பார்த்தேன். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! தரை ஈரம்!" என்று அலறினேன்.

"ஆளுக வாறாவள்லா? தூசியும் தும்புமாக் கெடந்தா என்ன நெனப்பாவ?"

பழந்துணியை எடுத்துவந்து துடைக்கப் பார்த்தேன். அம்மா பிடுங்கிக்கொண்டாள். "பாவாடையெல்லாம் நனையுது. ஓடிப் போயி வாழப்பழம் வாங்கிட்டு வா. வந்தவியளுக்குக் குடுக்க ஒண்ணும் இல்ல."

பழத்தோடு மூச்சிரைக்க ஓடிவந்தபோது வாசலில் கார் நின்றிருந்தது. ஆபீஸரும் அந்த அம்மாளும் கூடத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா பவ்யமாக நின்றபடி, கிளார்க்கின் புத்திசாலித்தனத்தை விவரித்துக்கொண்டிருந்தார். தரை பளபளவென்று ஈரமாக இருந்தது. நான் கொல்லைக்குப் போய்க் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பதற்குள் அம்மாவே நாயை அவிழ்த்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

கிளார்க் உள்ளே வந்தது. மோந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. அந்த அம்மாளின் பட்டுப்புடவைக் கொசுவத்துக்குப் பக்கத்தில் நின்று நிதானமாகப் போனது. அவள் "ஐயையோ" என்று காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டாள்.

"இதுதான் இதோட லெச்சணம், பாத்துக்கிடுங்க" என்றாள் அம்மா. "நாங்களும் பழக்காத பழக்கம் இல்ல. மண்டையில ஏறவே மாட்டேங்கு. மொசைக்குத் தரைன்னீகளே, ஒங்களுக்குத் தோதுப்படாதும்மா."

பொய், அது வீட்டுக்குள் அசிங்கம் பண்ணி எத்தனையோ நாளாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் சிறுவயதிலிருந்தே பழக்கப்பட்டவள். வாயை மூடிக்கொண்டேன்.

வந்தவர்கள் காபி குடித்தார்கள், வாழைப்பழத்தைத் தொடவில்லை, கிளம்பிவிட்டார்கள். மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"ஆபீஸ்ல அவர் மூஞ்சியில எப்படிக்கா முழிப்பேன்?"

"எதுக்கு முழிக்கணும்? குனிஞ்சு வேலயப் பாரு."

இனி குழாயடிதான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. கிளார்க்கை இழுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். அது என் தோள்மேல் தலையை வைத்து நடுங்கியது. கொஞ்ச நேரத்தில் அம்மா மேலே ஏறி வந்தாள். கையில் தட்டு. தட்டில் தயிர் சோறு.

"ஏளா, காலையிலருந்து பட்டினி போட்டுருக்கியே அத. விடு, திங்கட்டும்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நீதான்! நீதான் தரையைக் கழுவினே! காயாம அவுக்காதேன்னு எங்களைச் சொல்லுவே, நீயே அவுத்துக் கூட்டிட்டு வந்தே! உன்னாலதான் அவங்க வேண்டாம்னுட்டாங்க!"

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். கிளார்க் தின்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மறந்து போச்சுளா" என்றாள்.

குழாயடிப் பேச்சு அதன்பிறகு எழவில்லை. இடம் பார்க்கிறேன் என்று மாமா இரண்டொரு தரம் ஆரம்பித்தபோது, உனக்கு முதலில் ஒரு பெண் பார்ப்போம் என்று அம்மா அவர் வாயை அடைத்துவிட்டாள். நான் கல்லூரியில் சேரும்வரை கிளார்க் எங்கள் வீட்டில் இருந்தது.

எந்தச் சொந்தக்காரர் எந்த வருடம் வந்தபோது காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றார் என்பதுவரை அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும். பால்காரர் போன மாதம் வராத கிழமைகளை விரல்விட்டுச் சொல்லுவாள். அப்படிப்பட்டவள் அன்றைக்கு மறந்துவிட்டாள் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. நாயோ பிழைத்துக்கொண்டது, அம்மாவும் பாவம், வேலைச் சலிப்பில் மறந்திருப்பாள். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, போனால் போகிறது என்று பெரிய மனது பண்ணி அவளை மன்னித்தேன்.