முதல் லாரி

பழனிசாமிக்கு வாழ்நாளில் கிடைத்த முதலிடம் ஒன்றே ஒன்றுதான். ஐம்பத்தாறாம் வருஷம் ஏப்ரலில், அந்தமானின் போர்ட் பிளேர் முகாமிலிருந்து குடியேற வந்த குடும்பங்களை ஏற்றிக்கொண்டு பெரார்கஞ்ச் பக்கம் வரிசையாகப் போன ஐந்து லாரிகளில் முதல் லாரி. அதையும் நாலு பேரை இடித்துத் தள்ளித்தான் பிடித்தார். யார் முதலில் போய் முளைக்குச்சி அடிக்கிறாரோ அவருக்கே அந்த இடம் என்று முகாமில் சொல்லியிருந்தார்கள்.

முதுகுளத்தூர்ப் பொட்டலில் மூன்று வருஷம் மழையே பார்க்காத மனுஷன். நிலம் என்றால் அவருக்குத் தண்ணீர், அவ்வளவுதான். இங்கேயும் அது மழை இல்லாத காலம். செம்மண் புழுதி எழும்பி, பின்னால் வந்த லாரிகளே கண்ணுக்குத் தெரியவில்லை. தகரமெல்லாம் கொதித்தது.

பாதி வழியில் ஓர் ஊற்று. ரேடியேட்டர் சுடுகிறதென்று ஐந்து லாரிகளும் நின்றன. சனமெல்லாம் குதித்து ஓடியது. பழனிசாமி மட்டும் மனைவி விசாலாட்சியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எறங்காத. எடம் போயிரும்."

"புள்ளைக்கு நாக்கு ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. ஒரு வாய் குடுத்திட்டு வந்திர்றேன்."

"அங்க போயி வேணுங்கிறமட்டும் குடிக்கலாம். உக்காரு."

மூன்று வயது மகள் மங்கை அழக்கூடத் தெம்பில்லாமல் மடியில் சரிந்தாள். கடைசி லாரியில் வந்த பன்னீர்செல்வம் வயிறு முட்டக் குடித்துவிட்டு, சாவகாசமாக முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

போய்ச் சேர்ந்ததும் பழனிசாமி ஓட்டமாய் ஓடினார். எதிரே கரை தளும்ப ஓர் ஓடை. பாவி மனுஷன் அதைக் கையெடுத்துக் கும்பிட்டார். அதன் ஓரத்திலேயே குச்சியை அடித்து, கிளார்க் நீட்டிய தாளில் கட்டைவிரலை அழுத்தினார். விசாலாட்சி அதற்குப் பிறகுதான் செம்பில் மொண்டு பிள்ளையின் வாயில் வைத்தாள். பிள்ளை துப்பிவிட்டது. ஒரே உப்பு.

பொட்டல்காட்டுக்காரருக்குக் கடல் ஓதம் ஊருக்குள் ஏறி வரும் என்று எப்படித் தெரியும்? சாயங்காலம் போய்ப் பார்த்தால் தண்ணீர் வடிந்து சேறும் நண்டும்தான் கிடந்தன.

பதினான்கு வருஷம் கரை போட்டார். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஓதம் வந்து உடைத்தது. நெல் கருகியது. எல்லோரும் வேண்டாமென்று கழித்த மலையடி நிலம் பன்னீர்செல்வத்துக்குப் போயிருந்தது. அதிலும் ஓர் ஊற்று இருந்தது. விசாலாட்சி தினமும் அங்கே போய்த்தான் குடம் நிறைத்தாள். பன்னீர்செல்வம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பழனிசாமிக்கு அதுதான் வயிற்றெரிச்சல். "ஆபீஸ்காரன் இத நம்ம தலையில கட்டிட்டான்" என்று ஊரெல்லாம் சொன்னார். சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார்.

எழுபதில் ஓர் அதிகாரி வந்தார். ஆபீஸ் தவறாகக் கொடுத்த உப்பு நிலத்துக்குப் பதிலாக மேட்டில் நல்ல நிலம் தருவார்களாம். தாங்களே பார்த்துப் பிடித்தவர்களுக்குக் கிடையாதாம். பழைய தாள்களைக் கரையான் தின்றுவிட்டதால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே சொல்லாகச் சொல்ல வேண்டும்.

"ஆபீஸ்தான் சாப் குடுத்துச்சு. நமக்கு என்ன மாலும், என்ன தெரியும்?" என்றார் பழனிசாமி.

அதிகாரி விசாலாட்சியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினால் போதும். மேட்டு நிலம் அவளுக்கும்தானே வேண்டியிருந்தது. ஆனால் அப்போதுதான் ஊற்றிலிருந்து திரும்பியிருந்தாள், இடுப்பில் குடம் கனத்தது.

"இல்ல சாப். இவரே ஓடிப்போயிப் புடிச்சதுதான். புள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க என்னைய எறங்கவிடாம ஓடிப் புடிச்சாரு."

அதிகாரி பேனாவை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். விசாலாட்சி குடத்தை இறக்கி, ஒரு செம்பு மொண்டு பழனிசாமியின் முன்னால் வைத்தாள்.

"குடிங்க."

அவருக்கு நாக்கு வறண்டிருந்தது. எடுத்துக் குடித்தார்.