டயரில் வைத்த சந்தனம்

பெட்ரோல் நிலையத்தில் காற்றடித்துவிட்டுப் புறப்பட்டதும், டயரின் காற்று வாய்களுக்கு மூடி போட்டேனா என்ற சந்தேகம் எனக்கு வந்துவிடும். பின்னிருக்கையில் மகன் பெல்ட்டுக்குள் அடங்காமல் நெளிந்துகொண்டிருப்பான். அடுத்த ஓரத்திலேயே காரை நிறுத்தி இறங்கி, நான்கு சக்கரங்களையும் சுற்றிவந்து தொட்டுப் பார்ப்பேன். மூடிகள் இருக்கும். இருந்தாலும் ஒருமுறை திருகிப் பார்ப்பேன். கணவர் சிரிப்பார். ஏன் இப்படி என்று அவருக்குச் சொல்லத் தொடங்கிப் பாதியில் விட்டிருக்கிறேன். மூடியைப் பற்றிய கதை என்றுதான் தொடங்குவேன். போகப்போக அது வேறு எங்கோ போய்விடும்.

அப்போது எனக்கு ஆறு வயது. மெர்கோங் என்ற ஊரில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். அப்பா சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலையில் இருந்தார். மாதக் கடைசியில் வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் பார்ப்பது எங்களை அல்ல, வாசல் கூரையின் கீழ் நிற்கும் காரை. பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சின்னக் கார் அது; வீட்டில் எல்லாருக்கும் அது 'காடி'. வாங்கும்போது சாதாரணமாகத்தான் இருந்ததாம். ஒவ்வொரு விடுமுறைக்கும் அப்பா அதற்கு ஏதாவது செய்வார். ஒருமுறை அகலமான டயரும் வெள்ளி நிற ஸ்போர்ட் ரிம்மும் போட்டார். ஒருமுறை பின்னால் சிறகு வைத்தார். இன்னொருமுறை, மைலோ டின் போல வாய் அகன்ற புகைக்குழாய். கடைசியில் ஸ்பிரிங்கை மாற்றிக் காரையே தாழ்த்திவிட்டார். அதன்பின் சாலையில் வேகத்தடை வந்தால் நாங்கள் எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும். அவர் மட்டும் உள்ளே உட்கார்ந்து, அப்போதுதான் பிறந்த கன்றை நடத்துவதுபோல அதைத் தடைக்கு மேல் ஏற்றி இறக்குவார்.

அவர் இல்லாத நாட்களில் காரைப் பராமரிப்பது அம்மாவின் பொறுப்பு. எண்ணெய்க் கம்பியை இழுத்துத் துடைத்துப் பார்ப்பது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது, பேட்டரி முனையில் பூக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீர் விட்டுக் கழுவுவது எல்லாம் அவள்தான். ஒரே இடத்தில் நின்றால் டயர் சப்பையாகிவிடும் என்பதால், வாரம் ஒருமுறை எஞ்சினை முடுக்கிக் காரைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தி வைப்பாள். அம்மாவிடம் லைசென்ஸ் இருந்தது. ஆனால் கேட்டுக்கு வெளியே ஓட்டியதில்லை. ஓட்ட வேண்டாம் என்று அப்பா ஒருநாளும் நேராகச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்லியிருக்கலாம். ஆறு வயதுக் காதில் விழுந்ததை எவ்வளவு தூரம் நம்புவது?

பெண்டாங் என்ற ஊரைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை தேவைப்பட்டது. அம்மா விண்ணப்பித்திருந்தாள். அங்கே விஜயதசமிக்கு விடுமுறை இல்லை; அன்று காலை, பிள்ளைகள் இடைவேளைக்கு வருவதற்குள் நேரில் வர வேண்டும், வராவிட்டால் இன்னொருவர் காத்திருக்கிறார் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அந்தத் தோட்டத்துக்கு அந்த நேரத்தில் பஸ் கிடையாது. அம்மா நாலு நாள் யோசித்து, போனில் அப்பாவிடம் கேட்டாள்.

"ஓட்டிக்கிட்டுப் போ. அக்காவ கூட்டிக்க. ஆனா காடிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, வேல கீலன்னு இனிமே பேசக்கூடாது" என்றார் அப்பா.

அக்கா என்றது என் அத்தையை. பண்டிகைக்காகப் பாலிங்கிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பக்தி மிகுந்தவள். பெரிய குரல். "தம்பி தன் காடிய உன் கையில குடுத்ததே அதிசயம்லா" என்று அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் சொன்னாள்.

முதல்நாள் ஆயுத பூஜை. அம்மா சமையலில் இருந்ததால் காரை அலங்கரிக்கும் வேலையை அத்தை எடுத்துக்கொண்டாள். நான் தண்ணீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றினேன். கடையில் விற்கும் சந்தனப் பொடியைக் குழைத்து, விளக்கில், கண்ணாடியில், டயர்களில் என்று தாராளமாக அப்பினாள். நறநறவென்று மணல் போலிருந்தது அந்தச் சந்தனம்.

மறுநாள் காலை, நல்ல நேரம் பத்தரைக்குத்தான் என்று அத்தை முணுமுணுக்க, அம்மா கத்தரிப்பூ நிறச் சேலை கட்டிக்கொண்டு காரை வெளியே எடுத்தாள். இரண்டுமுறை எஞ்சின் அணைந்தது. அத்தை முருகனைக் கூப்பிட்டாள். அம்மா முதலில் போனது பெட்ரோல் நிலையத்துக்கு. தூரப் பயணத்துக்கு முன் காற்றுப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் விதி. டயர்களில் காய்ந்திருந்த சந்தனத்தை விரலால் சுரண்டிவிட்டு, காற்றுக் குழாயை ஒவ்வொன்றிலும் அழுத்தினாள். மூடிகளைக் காணவில்லை. "எங்கயோ விழுந்துருச்சு போல. அவருகிட்ட என்ன சொல்றது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

நகரம் முடிந்து வயல்வெளி தொடங்கியது. இருபுறமும் இளநாற்று. வானம் மழைக்குக் கறுத்திருந்தது. அம்மா ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்து, இமைக்காமல் ஓட்டினாள். எனக்குப் பெருமையாகவும் பயமாகவும் இருந்தது. பெண்டாங்குக்குப் பாதி வழியில் கார் இடப்பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. சாலையோரம் வாழைப்பழம் பொரித்து விற்கும் ஒரு கடையருகே நிறுத்தினோம். முன்பக்க இடது டயரில் கால்வாசிக் காற்றுதான் நின்றிருந்தது.

அம்மா பின்கதவைத் தூக்கி விரிப்பை விலக்கினாள். உபரிச் சக்கரம் இருந்தது. காரைத் தூக்கும் ஜேக் இருக்க வேண்டிய பக்கத்துக் குழி காலியாக இருந்தது.

"அண்ணி, ஜேக் இங்கதானே இருந்துச்சு?"

"சாமி முன்னாடி இருக்கு."

"என்னது?"

"ஆயுத பூசைக்கு ஆயுதத்த வைக்காம வேற எத வைக்கறது? ஜேக்கு, ஸ்பேனரு, அந்த டயரு மூடி எல்லாத்தையும் கழுவித் தட்டுல வச்சேன். மறுபூச பண்ணாம எடுக்கக்கூடாதுலா."

"மூடியுமா?"

"செவப்பா பளபளன்னு அழகா இருந்துச்சு புள்ள."

அம்மா சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். ரிம்மைத் திருடாமல் இருக்க, சக்கரத்துக்கு ஒன்றாக அப்பா பூட்டு நட்டு போட்டிருந்தார். அதற்கென்று தனிச் சாவி உண்டு.

"ஜேக் இருந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க அண்ணி. இத கழட்டற சாவி அவரு சாவிக்கொத்துல இருக்கு."

"சிங்கப்பூர்லயா?"

"ஆமா."

அத்தை சக்கரத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "காடி இங்க நிக்குது, சாவி அங்க இருக்கு. ஏன், திருடன் என்ன சிங்கப்பூர்லயா இருக்கான்?" என்றாள்.

பொரித்துக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெண் கரண்டியோடு வந்து, டயர் போய்விட்டதா என்று அவள் மொழியில் கேட்டாள். அம்மா சொன்னதும், கடைக்குப் பின்னால் போய் மோட்டார் சைக்கிளுக்கு வைத்திருந்த காலால் மிதிக்கும் பம்பைக் கொண்டுவந்தாள். அம்மா சேலையைச் செருகிக்கொண்டு மிதித்தாள். அத்தை குடை பிடித்தாள். மழை இன்னும் வரவில்லை, ஆனால் அவளுக்கு வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. டயர் மெல்ல எழுந்தது. பம்பை எடுத்ததும் மெல்ல இறங்கியது.

"மணி என்ன?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். அத்தை சொன்னால், "கடிகாரம் சரிதானே?" என்பாள். பிறகு குந்தி உட்கார்ந்து, விரலில் எச்சில் தொட்டுக் காற்று வாயில் வைத்தாள். எச்சில் குமிழ் விட்டது. மஞ்சளாக ஒரு குமிழ். அதை விரலில் எடுத்து முகர்ந்து பார்த்து, அத்தையிடம் நீட்டினாள்.

அத்தையின் முகம் சுருங்கிப்போனது. "நல்லதுக்குத்தான் வச்சேன் புள்ள."

"தெரியும் அண்ணி. அந்தக் குடைய கொஞ்சம் தள்ளிப் புடிங்க, வெளிச்சம் மறைக்குது."

கொண்டையிலிருந்து ஊசியை உருவி, காற்று வாயின் உள்முனையை அம்மா அழுத்தினாள். புஸ்ஸென்று சந்தனத் துகள் அவள் முகத்தில் தெறித்தது. மறுபடி காற்றடித்து மறுபடி அழுத்தினாள். இருந்த காற்றையும் விடுகிறாளே என்று எனக்கு அழுகை வந்தது. "இது சரியான்னு தெரியல" என்று அவளும் சொன்னாள். சொன்னாலும் நிறுத்தவில்லை. ஒரு கட்டத்தில் எச்சில் வைத்தபோது குமிழ் வரவில்லை. கடைசியாக டயர் விறைக்கும்வரை மிதித்தாள். காசு வாங்க மறுத்த அந்தப் பெண், என் கையில் ஒரு பொட்டலம் பொரித்த பழத்தைத் திணித்து, சீக்கிரம் போங்கள் என்று கையாட்டினாள்.

தோட்டத்து நுழைவாயிலில் உயரமான வேகத்தடை ஒன்று இருந்தது. அம்மா காரை நிறுத்துவதற்கு முன்பே அத்தை கதவைத் திறந்து, பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். "நீ பாத்து ஏத்து. நான் நடந்தே வரேன். போ, போ!" என்று காரின் முதுகில் தட்டினாள். கார் உரசாமல் ஏறி இறங்கியது. அத்தை செம்மண்ணில் மூச்சிரைக்க எங்கள் பின்னால் ஓடிவந்தாள்.

பிள்ளைகள் தட்டுகளோடு சிற்றுண்டிச் சாலைக்கு வரிசையில் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா கறுத்த விரல்களைச் சேலை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு அலுவலகத்துக்குள் போனாள். கன்னத்தில் சந்தனம் இருந்தது. அதைச் சொல்ல எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. வெளியே பெஞ்சில் அத்தை ஏதோ முணுமுணுத்தபடி விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் எல்லாப் பழத்தையும் தின்றுவிட்டேன். கதவு திறந்தபோது தலைமையாசிரியரின் குரல்தான் முதலில் கேட்டது. "அப்ப திங்கக்கெழம வந்துருங்க டீச்சர்."

அத்தை அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். டயர் அழுக்கு தன் பட்டுச் சேலையில் ஒட்டுவதை அவள் கவனிக்கவே இல்லை.

அன்று மாலை அப்பா அழைத்தார். பேசுவது வெளியே கேட்கும் பழைய போன் அது.

"காடி எப்படி?"

"நல்லா இருக்குங்க."

"டயரு?"

"காத்து பாத்துட்டேன். நாலும் சரியா இருக்கு."

"ரிம்முல கோடு கீடு விழல?"

"இல்லீங்க."

"அடியில இடிச்சுச்சா?"

"அண்ணி எறங்கிக்கிட்டாங்க. இடிக்கல."

"ம்."

அம்மா காதிலிருந்து போனை எடுக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தையும் கத்தியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். அந்தப் பக்கம் யாரோ அப்பாவைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. "சரி, வைக்கிறேன்" என்றார். அதன் பிறகும் அம்மா போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "வேல கெடச்சத சொல்லவே மறந்துட்டியேம்மா! திருப்பி அடி, இன்னும் தூங்கியிருக்க மாட்டாரு" என்று குதித்தேன்.

அம்மா போனை முந்தானையில் துடைத்து மேல்தட்டில் வைத்தாள். அத்தை வெங்காயத்தை வேகவேகமாக நறுக்கத் தொடங்கினாள்.

அம்மாவின் மறதி எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது. டீச்சராகப் போகிறவள் இப்படி மறந்தால் என்ன ஆவது? வல்லாரை தின்றால் ஞாபகசக்தி வளரும் என்று பாலர் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். மறுநாள் அத்தையிடம் அதை வாங்கித்தரச் சொன்னேன். அத்தை என்னைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு சந்தைக்குப் போய் ஒரு கட்டு வாங்கி வந்து, தேங்காய் போட்டுத் துவையல் அரைத்தாள். அம்மா ஒன்றும் கேட்காமல் அதை முழுவதும் சாப்பிட்டாள். இனி மறக்கமாட்டாள் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.