பிடி அரிசி

1950களில் என் கணவர் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது, எங்கள் ஒரே மகன் சாமுவேல் காய்ச்சலில் இறந்துபோனான். அவனுக்கு ஆறு வயது.

சபைப் பெண்கள் நாங்கள் உலை வைக்கும்போதெல்லாம், ஏழைகளுக்கென்று ஒரு பிடி அரிசியை டின்னில் போட்டு வைப்போம். சனிக்கிழமை ஞானம் அக்கா வந்து வாங்கிப் போவார். மகனை அடக்கம் செய்த பிறகு நான் போடவில்லை. அக்கா வந்ததும் காலி டின்னை அவர்முன் வைத்தேன்.

"தேவனோட ராஜ்யம் வரும், கண்ணீரே இருக்காதுன்னு நம்பி தினமும் ஜெபிச்சேனேக்கா. எங்க வந்துச்சு?"

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் தேவ சித்தம் என்றுதான் சொல்லிப்போனார்கள். அக்கா அப்படிச் சொல்லவில்லை.

"இன்னும் வரலம்மா." அவர் குரல் உடைந்தது. "வரலன்னுதான் நானும் வீடு வீடா அலையுறேன். கிராஞ்சி பக்கம் ஒரு வீட்ல பிள்ளைங்க பட்டினி கிடக்குதுங்க."

காலி டின்னை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் பழக்கதோஷத்தில் மூன்று பேருக்கு அரிசி அளந்துவிட்டேன். அவன் பங்கைத் திரும்பச் சாக்கில் கொட்ட மனம் வரவில்லை. டின்னில் போட்டேன்.

இன்றும் மூன்று பேருக்கு அளந்து, இரண்டு பேருக்குச் சமைக்கிறேன். தேவனுடைய ராஜ்யம் வரும்வரை, என் பிள்ளையின் சோற்றைப் பசித்த பிள்ளை ஒன்று சாப்பிடட்டும்.