வெர்னா வண்டி வாங்கிய கதை

கிளமத் ஃபால்ஸ் ஊரில் வெர்னா ஸ்டென்ஸ்ரூட் இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். அந்த இருபத்தாறு வருஷத்தில் ஒருநாள்கூட வண்டியைச் சுற்றிவராமல் சாவியைத் திருப்பியதில்லை. பனி முழங்கால் வரைக்கும் கிடந்தாலும் சரி, கையில் டார்ச்சோடு ஒரு சுற்று வருவாள். டயரை உதைத்துப் பார்ப்பாள், விளக்குகளைப் போட்டு அணைப்பாள், பின்பக்க அவசரக் கதவைத் திறந்து மூடுவாள், கடைசியில் குனிந்து அடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். "சோதனைப் படிவத்துல டிக் போட்டாப் போதுமே, வெர்னா" என்று டிப்போ மேலாளர் சலித்துக்கொள்வார். "படிவத்துக்குச் சக்கரம் கிடையாதே" என்பாள் வெர்னா.

அவளோடு வேலை பார்த்த ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். ஓய்வு பெற்ற கையோடு முக்கால்வாசிப் பேருக்கு வந்த ஆசை ஒன்றுதான்: பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கி, குளிர்காலம் முழுக்கத் தெற்கே அரிசோனா வெயிலில் போய்க் கிடப்பது. அடுப்பு, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி. புதிது வாங்க யாருக்கும் வசதியில்லை. அதனால் இருபது, இருபத்தைந்து வயசான வண்டிகளைத் தேடிப்போனார்கள்.

முதலில் அவளைத் துணைக்குக் கூப்பிட்டவள், ஓய்வு பெற்ற ஓட்டுநர் மேவிஸ். பார்க்கப் போன வண்டி பளபளவென்று புதுப் பெயிண்டில் மின்னியது. உள்ளே ஏறியதும் இலவங்கப்பட்டை மெழுகுவர்த்தி மணம் மூக்கைத் துளைத்தது. மேவிஸ் சொக்கிப்போனாள். வெர்னாவோ ஓட்டுநர் தலைக்கு மேலே இருந்த படுக்கையின் மெத்தையைத் தூக்கி, மூலையில் கட்டைவிரலால் அழுத்தினாள். விரல் கேக்குக்குள் போகிற மாதிரி பலகைக்குள் போய்விட்டது.

"இந்த மெழுகுவர்த்தி எதுக்கு?" என்று விற்கிறவனைக் கேட்டாள்.

"சும்மா, வாசனைக்குங்க."

"எந்த வாசனைக்குன்னுதான் கேக்கறேன். ஈரப் பலகை வாசனைக்கா?"

அவன் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தான். மேவிஸ் வண்டியை வாங்கவில்லை.

செய்தி பரவிவிட்டது. யார் பழைய வண்டி பார்க்கப் போனாலும் வெர்னாவைக் கூட்டிப்போனார்கள். அவளும் தன் பிக்கப் வண்டியில் ஏணி, டார்ச், சோப்புத் தண்ணீர் பாட்டில், முழங்கால் விரிப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். போனதும் முதல் வேலை, 'வணக்கம்' சொல்வதற்கு முன்னாலேயே, இன்ஜின் மூடியில் உள்ளங்கையை வைப்பது. சூடாக இருந்தால் "ஏன் முன்கூட்டியே ஓட்டி வச்சீங்க? காலையில கிளம்ப மக்கர் பண்ணுதா?" என்பாள். பிறகு ஏணி வைத்துக் கூரைக்கு ஏறி, முட்டி போட்டுத் தவழ்வாள். எங்கே மெத்தென்று அமுங்குகிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம். பக்கச் சுவர்களில் கன்னத்தை ஒட்டி, வெயில் சாய்கிற திசையில் பார்ப்பாள். கொப்புளம் தெரிந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

பதினோரு வருஷத்தில் முப்பத்தொரு வண்டி பார்த்தாள். 'வாங்கலாம்' என்று அவள் வாயால் சொன்னது நாலே நாலுக்குத்தான். 'வேண்டாம் வெர்னா' என்ற பட்டப்பெயர் ஊருக்குள் நிலைத்தது. விற்கிறவர்கள் தொலைபேசியிலேயே கேட்பார்களாம்: "நீங்க மட்டும் வர்றீங்களா, இல்ல அந்தம்மாவும் வருதா?"

எல்லாம் சரி. ஆனால் வெர்னாவே ஓய்வு பெற்று இரண்டு குளிர்காலம் ஆகியும் அவளுக்கென்று ஒரு வண்டி அமையவில்லை. பார்க்கிற வண்டிக்கெல்லாம் ஒரு குற்றம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

அவள் கணவன் வெண்டல் முன்னாள் தபால்காரன். சண்டை போடத் தெரியாதவன். ஆனால் ஜாடையாக இடிக்கத் தெரிந்தவன். மடக்கு நாற்காலி இரண்டு வாங்கிவந்து வரவேற்பறையில் போட்டான். ஜனவரி மாதம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, வைக்கோல் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு அந்த நாற்காலியில் சாய்ந்து ஐஸ் போட்ட தேநீர் குடித்தான்.

"என்ன கோலம் இது?" என்றாள் வெர்னா.

"அரிசோனால இருக்கேன். தொந்தரவு பண்ணாத."

ஏப்ரலில் மளிகைக்கடைப் பலகையில் ஒரு சீட்டைப் பார்த்தாள். கையால் எழுதியிருந்தது: '1996 மோட்டார்ஹோம். குறைகள் உண்டு. நேரில் வந்தால் சொல்கிறேன். ஐலீன், லேக்வியூ.' கீழே தொலைபேசி எண். வெர்னா அந்தச் சீட்டின் முன்னால் வெகுநேரம் நின்றாள். பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு விளம்பரத்தை அவள் கண்டதில்லை.

மறுநாள் இருவரும் லேக்வியூவுக்குக் கிளம்பினார்கள். சீட்டைப் பார்த்த அன்றே வெர்னா ஐலீனுக்குப் போன் பண்ணி, குளிர்பெட்டியை அப்போதே போட்டு வைக்கச் சொல்லிவிட்டாள். அந்த வகைப் பெட்டி குளிர அரைநாள் பிடிக்கும். போனபிறகு போட்டால் அது வேலை செய்கிறதா, நடிக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது.

ஐலீன் வைக்கோல் பண்ணைக்காரி. எழுபது தாண்டியவள். கணவன் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. வண்டி கொட்டகைக்குள் நின்றது. வெர்னா இன்ஜின் மூடியில் கை வைத்தாள். ஜில்லென்று இருந்தது.

"இன்ஜின நேத்திலேர்ந்து தொடல" என்றாள் ஐலீன். "நீங்கதானே 'வேண்டாம் வெர்னா'? லேக்வியூ வரைக்கும் உங்க பேரு வந்திருக்கு. இந்தாங்க." ஒரு தாளை நீட்டினாள். அதில் குறைகள் எழுதியிருந்தன. மேல்படுக்கையில் இடப்பக்கம் ஒருமுறை ஒழுகி, பலகையை மாற்றியது. மடக்குப் படிக்கட்டு சிக்கிக்கொள்வது, செருப்பால் உதைத்தால் இறங்குவது. குளிர்பெட்டி கேஸில் மட்டும் ஓடும், கரண்டில் ஓடாது. ஒருதரம் எலி வந்தது, போய்விட்டது.

வெர்னாவுக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. கண்டுபிடிக்க வேண்டியதை எல்லாம் எதிராளியே சொல்லிவிட்டால் என்ன செய்வது?

"சரி, நான் ஒருதடவை பாத்துக்கறேன்" என்றாள்.

அந்த ஒருதடவை ஐந்து மணிநேரம் ஓடியது. கூரை முழுக்கத் தவழ்ந்தாள், எங்கும் அமுங்கவில்லை. மேல்படுக்கையின் பலகை கல் மாதிரி இருந்தது. கேஸ் குழாய் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் அடித்தாள், குமிழி வரவில்லை. தொட்டியில் தண்ணீர் நிரப்பி மோட்டாரைப் போட்டு, எல்லாக் குழாயையும் மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எங்காவது கசிந்தால் மோட்டார் தானாக டுக்டுக்கென்று ஓடும். ஓடவில்லை. ஜெனரேட்டரைக் கிளப்பி அதில் ஏசியையும் போட்டாள். திணறவில்லை. முந்தைய நாளே போட்டு வைத்த குளிர்பெட்டியில் ஐஸ் கட்டியிருந்தது. மலைச்சாலையில் ஏற்றி இறக்கினாள், பிரேக் ஒருபக்கம் இழுக்கவில்லை. பதிவுப் பத்திரத்தில் இருக்கிற எண்ணையும் வண்டியில் அடித்திருக்கிற எண்ணையும் இரண்டுமுறை ஒத்துப்பார்த்தாள்.

இதற்குள் வெண்டல் வண்டிக்குள் மேஜை முன்னால் உட்கார்ந்து, ஐலீன் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பு அடையில் மூன்றாவது துண்டைத் தின்றுகொண்டிருந்தான்.

"உங்க வீட்டம்மா எப்பவும் இப்படித்தானா?" என்று ஐலீன் கேட்டாள்.

"தர்பூசணி வாங்கப் போனா நீங்க பாக்கணும்" என்றான் வெண்டல்.

கடைசியில் வெர்னா வண்டிக்கடியில் படுத்தாள். டயர்களின் உள்பக்கத்தில் டார்ச் அடித்தாள். பட்டைகளின் பள்ளங்கள் ஆழமாக, புதுசு மாதிரி இருந்தன. பக்கவாட்டில் அச்சடித்த எண்ணைத் துடைத்துப் படித்தாள். கடைசி நாலு இலக்கம் 3504. வெளியே ஊர்ந்துவந்தாள்.

"ஐலீன், இந்த டயரு எப்ப வாங்கினது?"

"ஆறு வருஷம் இருக்கும். புதுசுன்னு சொல்லித்தான் வித்தான். ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"பாக்க நல்லா இருக்கு. ஆனா இது ரெண்டாயிரத்து நாலுல, முப்பத்தஞ்சாவது வாரத்துல பண்ணினது. வர்ற ஆகஸ்ட்டோட பன்னெண்டு வயசு. தேயாட்டியும் ரப்பர் உள்ளுக்குள்ள செத்துப்போயிடும். வேகமாப் போறப்ப வெடிக்கும்."

ஐலீன் குனிந்து டயரைத் தடவிப் பார்த்தாள். ஒரு வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"போன வருஷம் இதுலதான் பேரப்பிள்ளைங்கள ரீனோ வரைக்கும் கூட்டிட்டுப் போனேன். நாலு பேரு. பாட்டுப் பாடிக்கிட்டு."

வெர்னா இதை எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருஷமும் குற்றம் கண்டுபிடித்ததும் விற்கிறவர்கள் முறைப்பார்கள், மழுப்புவார்கள். இவளோ பேரப்பிள்ளைகளை நினைத்துக் கலங்கினாள். வெர்னா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வண்டிக்கடியில் படுத்ததில் உடுப்பெல்லாம் கிரீஸ்.

"ஒண்ணும் ஆகலையே. பத்திரமாத் திரும்பி வந்துட்டாங்கல்ல?"

"உங்க மாதிரி ஆளு அப்பவே வந்திருக்கணும்" என்றாள் ஐலீன். "ஆறு டயரையும் மாத்தற செலவ வெலையில கழிச்சுக்கறேன். இல்ல, நீங்க வாங்காட்டியும் நான் மாத்திட்டுத்தான் வேற யாருக்கும் குடுப்பேன்."

வெர்னா எழுந்து வண்டியின் படியில் போய் உட்கார்ந்தாள். வெண்டல் வந்து அருகில் நின்றான்.

"சொல்லு. வேண்டாமா?"

"டயரு..."

"டயரு மாத்தினாச் சரியாயிடும். அதுக்கப்புறம்?"

அவள் டார்ச்சை அணைத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"பஸ்ஸுன்னா சாயங்காலம் டிப்போவுல கொண்டுவந்து விட்டுடுவேன், வெண்டல். ஏதாவதுன்னா மெக்கானிக் இருக்கான். இது நடு பாலைவனத்துல நின்னுபோச்சுன்னா? நீ உள்ள இருக்கறப்ப? உன் நெஞ்சுல அடைப்புக்குக் குழாய் வச்சு ரெண்டு வருஷம்தான் ஆகுது. ஆஸ்பத்திரி நூறு மைலுக்கு அந்தப்பக்கம்."

இப்போதுதான் வெண்டலுக்கு விஷயம் புரிந்தது. இரண்டு குளிர்காலமாக அவள் வண்டிகளில் குற்றம் தேடவில்லை, வீட்டிலேயே இருப்பதற்குச் சாக்குத் தேடியிருக்கிறாள். அவனுக்குக் கோபம் வரவில்லை. படியில் இடம்பிடித்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"அந்தக் குழாய் வச்சிருக்கறவன் நான். பனி தள்ளறப்பதான் நெஞ்சு வலிச்சுது, ஞாபகம் இருக்கா? வெயில்ல நாற்காலி போட்டு உக்காந்ததுக்கு இல்ல. பனி கிடக்கற ஊர விட்டுப் போலாம்னா, நீ என்னைப் பனியிலயே பத்திரமா வச்சுக்கப் பாக்கற."

"அது சரிதான்" என்றாள் வெர்னா.

"முப்பத்தெட்டு வருஷம் முன்னாடி என்னையும் இப்படித்தான் அஞ்சு மணி நேரம் பாத்தியா?"

"பாத்திருந்தா நீ தேறியிருப்பியா?"

இருவரும் சிரித்தார்கள். வெர்னா எழுந்து ஐலீனிடம் கை நீட்டினாள். ஐலீன் கிரீஸையும் பொருட்படுத்தாமல் பிடித்துக் குலுக்கினாள். லேக்வியூக்காரர்கள் இன்றும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள், 'வேண்டாம் வெர்னா'வை 'வேணும்' என்று சொல்லவைத்தது எங்க ஊர் வண்டி என்று.

டயர் ஆறையும் மாற்றி, அக்டோபரில் கிளம்பினார்கள். இரண்டாம் நாள், டோனோபா என்ற சிற்றூரைத் தாண்டி, ஆள் அரவமில்லாத நீண்ட சாலையில், வண்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம். டுக்டுக். நின்றது. மறுபடி டுக்டுக். தண்ணீர் மோட்டார். வெர்னா ஓரம் கட்டினாள். ஐந்து மணிநேரம் பார்த்தும் தப்பிவிட்டதே!

கழுவுதொட்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தாள். சாலை குலுக்கலில் ஒரு குழாய் மூட்டு தளர்ந்து, சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. கையாலேயே திருகினாள். நின்றுவிட்டது. தேடியதோடு சேர்த்து இருபது நிமிஷ வேலை. அவள் தலையை வெளியே எடுத்தபோது வெண்டல் அடுப்பில் பாலாடைக்கட்டி சாண்ட்விச்சைப் புரட்டிக்கொண்டிருந்தான். எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் புதர்களும் வெயிலும். ஒரு வண்டிகூட வரவில்லை. சாலையோரத்திலேயே மடக்கு நாற்காலியைப் போட்டுச் சாப்பிட்டார்கள். வெர்னா ஒன்றுக்கு இரண்டாகத் தின்றாள்.

அரிசோனாவின் குவார்ட்ஸைட் போய்ச் சேர்ந்ததும் வேலை தேடிவந்தது. அங்கே குளிர்காலத்தில் எங்கு திரும்பினாலும் மோட்டார்ஹோம்தான், பாதிக்குமேல் 'விற்பனைக்கு' பலகையோடு நிற்கும். பக்கத்து முகாம்காரர்கள் வெர்னாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இப்போது அவள் பேச்சில் ஒரு மாற்றம். "இது உங்களைக் கொல்ற குறை, வேண்டாம்" என்பாள் சிலதற்கு. "இது பணம் திங்கற குறை, யோசிங்க" என்பாள். மற்றவற்றுக்கு, "இது சும்மா எரிச்சல் பண்ற குறை. செருப்பால ஒரு உதை விட்டாச் சரியாயிடும், வாங்கிக்குங்க."

அரிசோனா போன மூன்றாவது குளிர்காலத்தில் வெண்டல் தானும் ஓட்டுவேன் என்று அடம்பிடித்தான். ஒரு காலியான திடலில் சாவியைக் கொடுத்தாள். நாலு மைல் சுற்றளவுக்கு அங்கே இருந்தது ஒரே ஒரு குப்பைத்தொட்டி. வெண்டல் குறிபார்த்த மாதிரி அதை இடித்தான். வண்டி மூலையில் ஒரு சொட்டை விழுந்தது. வெர்னா இறங்கி, முழங்காலிட்டு, கன்னத்தைச் சுவரில் ஒட்டி வெயிலில் பார்த்தாள்.

"என்ன குறை?" என்றான் வெண்டல் ஜன்னலிலிருந்து எட்டிப்பார்த்து.

"ஓட்டறவன்தான்" என்றாள் வெர்னா. "தள்ளி உக்காரு."