கடைசிப் பக்கத்துத் திருத்தம்

ஒரு மாதத்துக்கு ஒரு வரிகூடப் படிக்கக் கூடாது என்று கண் டாக்டர் சொன்னபோது, தாவர நோயியல் பேராசிரியை வலியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "அதுக்குள்ள நாலு பத்திரிகை வந்துடுமே டாக்டர்?" என்றுதான் கேட்டாள். விழித்திரைக் கிழிசலைச் சரிசெய்து ஒரு கண்ணைக் கட்டியிருந்தார்கள். இன்னொரு கண் சின்ன வயதிலிருந்தே சொல்பேச்சுக் கேட்காதது.

முப்பது வருடமாகத் துறையின் புதிய ஆய்வுகளை அவள் ஒரு வாரமும் விட்டதில்லை. அதற்கென்று ஒரு வழி வைத்திருந்தாள். தலைப்பு, சுருக்கம், வரைபடம், முடிவு. மற்றதையெல்லாம் ஒரே தாவலில் தாண்டிவிடுவாள். வந்து குவிகிற குவியலுக்கு வேறு எப்படி ஈடுகொடுப்பது?

"நான் படிச்சுக் காட்டறேன்" என்றார் அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, ஓய்வுபெற்று எட்டு மாதமாக வீட்டில் எதையாவது கழற்றிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு ஒண்ணும் புரியாதுங்க."

"புரியும்னா சொன்னேன்? படிக்கிறேன்னுதானே சொன்னேன்."

படித்தார். அட்டையில் ஆரம்பித்து, ஆசிரியர் குழுவின் முகவரி, விளம்பரம், அடிக்குறிப்பு என்று ஒன்றையும் விடவில்லை. பூஞ்சைகளின் பெயர்களைக் கடித்துத் துப்பினார்.

"சுருக்கம் போதும். அடுத்ததுக்குப் போங்க."

"ஒரு வரியை விட்டுட்டு லிஃப்டைக் கழட்டினா என்ன ஆகும் தெரியுமா? பேசாம கேளு."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். ஒரு திங்கட்கிழமை மட்டும் அவளால் நிலைகொள்ள முடியவில்லை. பதினோரு வருடமாக ஒன்றோடொன்று கலந்து வளர்த்த அவரைச் செடிகளில், வேரழுகல் அண்டாத ஒரு வகை அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. போன வாரம் பறித்தது மொத்தம் இருநூற்றாறு விதை. ஒரு காப்பிக் கோப்பைக்குள் அடங்கிவிடும். விதைப்பதற்கு முன் தோலில் ஒட்டியிருக்கும் கிருமியை வெந்நீரில் முக்கிக் கொல்ல வேண்டும். போன வருடம் வந்த ஒரு கட்டுரை சொன்ன சூட்டையும் நேரத்தையும் அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். காலை பத்து மணிக்கு ஆய்வக உதவியாளர் வேலையை முடிப்பதாக ஏற்பாடு.

ஒன்பதே முக்கால் இருக்கும். வீட்டுக்காரர் புது இதழின் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தார்.

"இங்க ஒரு பெட்டி போட்டு, எறும்பு மாதிரி எழுத்துல என்னமோ இருக்கு. திருத்தமாம்."

"அதை விடுங்க. அச்சுப்பிழையா இருக்கும்."

அவர் விடவில்லை. "வெந்நீர் விதை நேர்த்தி பற்றிய எங்கள் கட்டுரையில், விதைகள் அறுவடைக்குப் பின் மூன்று மாதம் உலர வைக்கப்பட்டவை என்பது விடுபட்டுவிட்டது. புதிதாகப் பறித்த விதைகள் இந்தச் சூட்டில் முளைப்பதில்லை. வருந்துகிறோம்."

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "போனைப் போடுங்க! லேபுக்கு!"

உதவியாளர் எடுத்தாள். "சொல்லுங்க மேடம், தண்ணி ரெடி."

"விதை எங்க இருக்கு?"

"தட்டுல. நீங்க எப்பவும் சொல்ற மாதிரி முதல்ல பத்து மட்டும் முக்கி எடுத்திருக்கேன். மிச்சத்தை இப்போ..."

"தொடாதே! அடுப்பை அணைச்சுட்டுத் தட்டை மூடி வை. ஒண்ணுகூட உள்ள போகக் கூடாது."

அவள் சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றி, "ஏதாவது தப்பாப் படிச்சுட்டேனா?" என்றார்.

"இல்லங்க. நீங்க சரியாத்தான் படிச்சீங்க" என்றாள்.

அந்தப் பத்து விதைகளும் முளைக்கவில்லை. மீதி நூற்றுத் தொண்ணூற்றாறையும் மூன்று மாதம் உலர்த்தி, அதே சூட்டு வெந்நீரில் முக்கி விதைத்தார்கள். நூற்றெண்பத்து மூன்று முளைத்தன. ஒரு பருவம் கைவிட்டுப் போயிற்று. பணி ஓய்வுக்கு இன்னும் ஒரு பருவம்தான் பாக்கி. அது போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுவருடம் தன் கட்டுரையை எழுதி முடித்து, நன்றிப் பகுதியை மட்டும் அவரிடம் நீட்டினாள். அதில் உதவியாளருக்கு அடுத்த வரி அவருடையது. 'ஆய்வுகளை முழுமையாகப் படித்துச் சொன்ன லிஃப்ட் மெக்கானிக்குக்கு.'

அவர் இரண்டு தடவை படித்தார். "கணவர்னு போடலியா?"

"கணவருக்கு வீட்டுல சொல்லிக்கறேன். இது வேலை பாத்தவருக்கு."

அவர் தாளை மேசைமேல் வைத்து, மடிப்பை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார்.