லேபிள் இல்லாத வெள்ளைச் சட்டை

“தாம்பரம் மார்க்கெட், ஞாயிறு மாலை. கென்யாக்காரர், ஒரு சட்டை.” போன தை மாத நாட்குறிப்பில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். அவர் பெயரைக் கேட்கவில்லை.

ஏற்றுமதியில் மிஞ்சிய துணிகளை விற்கும் கடை அது. அவர் காட்டாங்குளத்தூரில் படிக்கும் மாணவர், தமிழ் பழகியிருந்தார். மேலே தொங்கிய சட்டைகள் தலையில் இடிக்கும் உயரம். கீழே அடுக்கியிருந்த ஒவ்வொரு சட்டையின் காலரையும் திருப்பி, உள்தையலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, பழையபடி மடித்து வைத்தார்.

“இன்னா தம்பி தேடினுகீற?” என்றார் கடைக்காரர்.

“எங்க ஊர் கம்பெனி சட்டை அண்ணா. திருப்பூர்லதான் தைக்கிறாங்கன்னு சொன்னாங்க. நாளைக்கு எங்க அக்கா கல்யாணம். வீட்ல ஆம்பளைங்க எல்லாரும் அதுதான் போடுவாங்க. என்னால போக முடியல, போன்லதான் கலந்துக்கப் போறேன்.”

“லேபிள வெட்டிட்டுதான் எங்களுக்கு அனுப்புவாங்க. எந்தக் கம்பெனின்னு எனக்கே தெரியாதுப்பா.”

வெகுநேரம் கழித்து ஒரு வெள்ளைச் சட்டையில் அவர் விரல் நின்றது. அதைப் போட்டுக்கொண்டு அம்மாவுக்கு வீடியோ கால் செய்தார். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காலரையும் கைப்பட்டியையும் காட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவர்கள் மொழியில் ஏதோ அதட்டினார்.

“இன்னாவாம்?” என்றார் கடைக்காரர்.

“இஸ்திரி போட்டுக்கணுமாம்” என்று சிரித்தார் அவர்.

“அப்போ பாஸாயிடுச்சு. எடுத்துக்கோ.”

அது உண்மையில் அந்தக் கம்பெனிச் சட்டைதானா என்று திருப்பூரில் துணித்தொழிலில் இருக்கும் நண்பர்களிடம் பிறகு விசாரித்தேன். அவர்களுக்கும் தெரியவில்லை. அம்மா அதட்டியதோடு அவருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் உறுதியாகவில்லை.